வாகனப் பதிவும் வாரண்டி நியாயமும்

(ஓமலூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ சரித்திரமோ பொருளாக அமைவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, மோட்டார் வாகனத்துக்குள் மறைவாக அமைந்த ஒரு சிறு பதிவுக் கருவியைப் பற்றியும், வாரண்டி விவகாரங்களில் அது உண்டாக்கியுள்ள பெரும் மாறுதலைப் பற்றியும் பேச நான் துணிந்தமைக்கு இந்த ஊரே காரணம். வடக்கேயிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயை இறங்கிச் சமவெளியைத் தொடுமிடத்தில் இருப்பது ஓமலூர். இங்கிருந்து தெற்கே போனால், லாரிக்குப் பேர்போன சங்ககிரியும், போர்வெல் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோடும், பாடி கட்டும் பட்டறைகளாலும் எரிவாயு டேங்கர்களாலும் புகழ்பெற்ற நாமக்கல்லும் இருக்கின்றன. வண்டியை நம்பிச் சோறு உண்ணும் குடும்பங்கள் இத்தனை அடர்த்தியாக வாழும் பிரதேசம் தமிழகத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆதலின் வண்டிக்குள் எழுதப்படும் பதிவை யார் வாசிக்கலாம், யார் வாசிக்கலாகாது என்னும் கேள்வி இங்கே ஜீவனத்தைத் தொடும் கேள்வியாகிறது.

நான் சொல்ல வந்த அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யந்திரத்தின் பதிவு வாரண்டி வழக்கில் நல்ல சாட்சி. அதை வரவேற்க வேண்டும். ஆயினும் அச்சாட்சியை விசாரிக்கும் வசதி, கிளைமை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் படைத்த தரப்பிடம் மட்டுமே இருக்குமானால், அது எவ்வளவு நுட்பமான பதிவாயினும் நியாயத்துக்கு உதவாது.

கருவியின் இயல்பு

காரில் முன்னிருக்கைகளுக்கு நடுவே, கியர் தண்டுக்கு அருகில், தரையோடு திருகி வைக்கப்பட்ட சிறு மின்னணுப் பெட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கும். மோதல் நேரும்போது வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்து, காற்றுப்பை விரிய வேண்டுமா வேண்டாமா என்பதைக் கண்ணிமைப்பதற்குள் தீர்மானிப்பது அதன் முதல் வேலை. நம் நாட்டில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும், முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாகிவிட்டமையால், இத்தகைய பெட்டி இப்போது மிகச் சாதாரணமான காரிலும் இடம்பெற்றுவிட்டது. தான் தீர்மானித்ததையும், தீர்மானிப்பதற்கு முந்திய சில வினாடிகளின் நிலவரத்தையும் இப்பெட்டி தன் நினைவில் எழுதி வைக்கும்படி அமைத்துவிட்டால், அதையே நிகழ்வுப் பதிவுக் கருவி என்கிறார்கள். ஜனங்கள் விமானத்தை நினைத்துக் கறுப்புப் பெட்டி என்கிறார்கள்.

அமெரிக்க அரசு 2006ஆம் ஆண்டில் வகுத்து 2012 செப்டம்பர் முதல் அமலாக்கிய விதியின்படி, இக்கருவி உள்ள கார்கள் மோதலுக்கு முந்திய 5 வினாடிகளை அரை வினாடிக்கு ஒரு வரியாக எழுதியாக வேண்டும். அச்செடுத்துப் பார்த்தால் அது ஒரு சிறு அட்டவணை. இடப்பக்கத்தில் 5.0, 4.5, 4.0 என்று இறங்கிப் பூஜ்யத்தில் முடியும் காலம். அதற்கு நேரே வண்டியின் வேகம், ஆக்ஸிலரேட்டர் எத்தனை சதவிகிதம் அழுந்தியிருந்தது, பிரேக் மிதிக்கப்பட்டதா இல்லையா என்னும் விவரங்கள். தனியே ஓட்டுநர் பெல்ட் அணிந்திருந்தாரா என்ற குறிப்பு, மோதலில் வேகம் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு, காற்றுப்பை எத்தனை மில்லி வினாடியில் ஏவப்பட்டது என்ற செய்தி. உதாரணமாக, 2.0 என்ற வரி வரையில் வேகம் 92 என்றும் பிரேக் இல்லை என்றும் இருந்து, 1.5 என்ற வரியில் பிரேக் உண்டு என்று மாறி, கடைசி வரியில் வேகம் 61 என்று நின்றால், ஓட்டுநர் அபாயத்தைக் கண்டார், மிதித்தார், இடம் போதவில்லை என்பது அந்த ஒரே தாளில் விளங்கிவிடும். பேச்சுக் குரலும் அதில் இல்லை, படமும் இல்லை. முன்புறக் காற்றுப்பை விரிந்துவிட்டால் அப்பதிவு அழியாதவாறு பூட்டப்பட்டுவிடும். விரியாத சிறு மோதலின் பதிவோ, பின்னால் வரும் வேறொரு நிகழ்ச்சியால் அழிக்கப்பட்டுப் போகலாம். இவ்வேறுபாட்டை நினைவில் வைக்குமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்குப் பிரயோஜனம் உண்டு.

2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த 5 வினாடியை 20 வினாடியாகவும், வினாடிக்கு இரண்டு வரி என்பதைப் பத்து வரியாகவும் உயர்த்தி விதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இக்கருவி கட்டாயமாகியிருக்கிறது.

இரு சாட்சியங்கள்

இக்கருவி யாருக்குச் சாதகமாகப் பேசும் என்று கேட்டால், உண்மைக்குச் சாதகமாகப் பேசும் என்பதற்கு இரண்டு சரித்திர உதாரணங்கள் உண்டு.

டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்று 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பெருங்கூக்குரல் எழுந்தது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவின் பொறியாளர்களையும் துணைக்கு அழைத்துப் பரிசோதித்து, 2011 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. ஆக்ஸிலரேட்டர் மிதியடி சிக்கிக்கொள்வது, தரைவிரிப்பில் மாட்டிக்கொள்வது ஆகிய யந்திரக் குறைகள் உண்மையென்று அறியப்பட்டிருந்தன. மின்னணுக் கோளாறு ஒன்றும் அகப்படவில்லை. பதிவுக் கருவிகளைப் படித்தபோது பல விபத்துகளில் பிரேக் மிதிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அங்கே பதிவு, உற்பத்தியாளர் தரப்பின் ஒரு பகுதிக்குச் சாட்சி சொன்னது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கோபால்ட் முதலிய கார்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அவற்றின் இக்னிஷன் சுவிட்ச் தளர்ந்திருந்தமையால், சாவிக்கொத்தின் கனமோ முழங்காலின் இடியோ பட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி திரும்பி எஞ்சின் நின்றுவிடும், காற்றுப்பையும் விரியாது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் சிலவற்றின் பதிவில், மோதும் தருணத்தில் சாவி ஓட்ட நிலையில் இல்லை என்பது எழுதப்பட்டிருந்தது. 2007ஆம் ஆண்டிலேயே அரசின் விபத்து ஆய்வுகளில் அந்த வரி இடம்பெற்றிருந்தது. ஆயினும் 2014ஆம் ஆண்டில்தான் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு நஷ்டஈடு வழங்க நேர்ந்தது. யந்திரம் உண்மையை உரிய காலத்தில் எழுதி வைத்திருந்தது. அதைப் படித்து, பாதிக்கப்பட்டவர் சார்பில் பொருள் கொள்வதற்கு ஆளில்லாமையால் அவ்வுண்மை ஏழு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

நம் லாரிகளில்

கார்களைப் பற்றிய இச்செய்திகள் லாரித் தொழிலுக்கு எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலாகியபின், லாரியின் எஞ்சினை ஆளும் ஈ.சி.எம். பெட்டியானது, கோளாறு நேரும் கணத்தில் எஞ்சின் சுழற்சி, வண்டி வேகம், குளிர்நீரின் சூடு, ஆயில் அழுத்தம், டீசல் செலுத்திய அளவு முதலியவற்றைச் சேர்த்துக் குறித்துவைக்கிறது. வாரண்டி கேட்டுச் சர்வீஸ் சென்டருக்கு வண்டி போனவுடன் முதலில் ஸ்கேனரைத்தான் மாட்டுகிறார்கள். முன்னெல்லாம் மேஸ்திரியின் கண்ணும் காதும் சொன்னதே முடிவாக இருந்தது. இன்று திரையில் தெரிகிற வரிகளே முடிவை நிர்ணயிக்கின்றன.

தருமபுரிப் பக்கமிருந்து பாரத்தோடு தொப்பூரை இறங்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி ஓட்டுநர் நியூட்ரலில் விடுகிறார். அக்கணத்தைப் பெட்டி எப்படி அறியும்? வண்டி வேகம் 70 கிலோமீட்டர், எஞ்சின் சுழற்சியோ நிமிடத்துக்கு 600. வண்டி கியரில் இருந்தால் இவ்விரண்டு எண்களும் ஒருங்கே வர இயலாது. டீசல் மிச்சம் என்ற எண்ணமும் பழுதானது: செங்குத்தான இறக்கத்தில் கியரில் இறங்கும் நவீன எஞ்சினுக்கு டீசல் செலுத்துவதைப் பெட்டி முற்றிலும் நிறுத்திவிடுகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் ஊற்றியாக வேண்டும். எஞ்சின் பிரேக்கின் துணையையும் இழந்து, பிரேக் டிரம் காய்ந்து, பிடிப்பற்றுப் போன வண்டிகளால் தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அக்கணவாயில் லாரிகள் மோதி, ஒவ்வொரு முறையும் நான்கு உயிர்கள் பலியான கொடுமை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இனி, வேறொரு வண்டி அதே இறக்கத்தில் பொருந்தாத கீழ் கியரில் சடாரென்று மாற்றப்படுகிறது. 2,500 சுற்றுக்கு வரம்பிட்ட எஞ்சின் 3,200 சுற்று சுழல்கிறது. வால்வு பிஸ்டனில் தட்டி முறிகிறது. பதிவில் சுழற்சி 3,200, செலுத்திய டீசல் பூஜ்யம் என்று இருக்கும். டீசலில்லாமல் எஞ்சின் அவ்வளவு வேகம் சுழன்றதென்றால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றின என்பது பொருள். இங்கே கிளைம் மறுக்கப்படுவதில் நியாயம் உண்டு. அதை நாம் மனம் கோணாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். யூரியா என்று நம் ஓட்டுநர்கள் சொல்லும் 32.5 சதவிகித யூரியாக் கரைசலுக்குப் பதிலாகக் கலப்படக் கரைசலை ஊற்றுவதும், சென்சாரை ஏமாற்ற எமுலேட்டர் பொருத்துவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பெட்டி அதையும் எழுதுகிறது, எஞ்சினின் இழுவையையும் குறைத்துவிடுகிறது.

பதிவின் எல்லை

பதிவை ஏற்பதென்றால், அது எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்து ஏற்க வேண்டும். நடந்தது என்ன என்று சொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. நடந்ததற்குக் காரணம் யாது என்று சொல்லும் ஆற்றல் அதற்குப் பெரும்பாலும் இல்லை. வாரண்டி விவகாரமோ முழுவதும் காரணத்தைப் பற்றியது.

குளிர்நீரின் சூடு 112 பாகையை எட்டி எஞ்சின் ஹெட் வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 112 என்ற எண் இருக்கிறது. ஓட்டுநர் எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினாரா, அல்லது வாட்டர் பம்பின் குறையால் நீர் சுழலாமல் நின்று, வண்டியை ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் சூடு ஏறிவிட்டதா? முந்தையதாயின் பொறுப்பு உரிமையாளருடையது, பிந்தையதாயின் உற்பத்தியாளருடையது. இரண்டுக்கும் ஒரே எண்தான். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், சூடு எத்தனை நிமிஷத்தில் ஏறியது, விளக்கு எப்போது எரிந்தது, அதன்பின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, அதற்கு முந்திய வாரங்களில் சூடு சிறிது சிறிதாக உயர்ந்து வந்ததா என்ற முழுப் பதிவையும் பார்க்க வேண்டும். கழற்றிய பம்பையும் பார்க்க வேண்டும். கிளைமை மறுக்கும் கடிதத்திலோ பெரும்பாலும் அந்த ஓர் எண் மட்டுமே எடுத்துக் காட்டப்படுகிறது.

அளவிலும் பிழை நேரலாம். வேகம் சக்கரத்தின் சுழற்சியிலிருந்தோ கியர்பெட்டியிலிருந்தோ கணக்கிடப்படுவதாகையால், பிரேக்கில் சக்கரம் பூட்டி வழுக்கிக்கொண்டு போகும்போது வண்டி விரைந்துகொண்டிருக்க, பதிவில் வேகம் குறைந்திருக்கும். நின்றிருக்கும் லாரியின் பின்பாகத்தின் அடியில் கார் புகுந்துவிடும் கோர விபத்துகளில், காரின் உறுதியான சட்டம் மோதாமல் மேற்பாகமே நசுங்குவதால், வேகம் படிப்படியாகக் குறைந்ததாகப் பெட்டி உணர்ந்து காற்றுப்பையை ஏவாமல் இருந்துவிடக்கூடும். பாடி கட்டும்போது விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த வயரிங்கில் ஒரு மூட்டு தளர்ந்தால், சென்சார் காட்டும் மதிப்பே தடுமாறும். இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்ப்பது நிபுணரின் வேலை. அந்நிபுணர் இருதரப்புக்கும் பொதுவானவராக இருப்பது அவசியம். வட்டிக்கடைக்காரர் ஒருவரே பேரேட்டை வைத்துக்கொண்டு, கடன்பட்டவருக்கு அதைக் காட்டாமல் பாக்கித் தொகையை மட்டும் சொல்லுவாரானால் அதை எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது. வண்டிப் பதிவின் விஷயத்தில் மட்டும் நாம் அதை ஏற்றுக்கொண்டு வருகிறோம்.

சட்டத்தின் துணை

இந்நிலையை மாற்றச் சட்டத்தில் இடமுண்டா என்றால், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. முதலாவது, லாரி வாங்கியவர் நுகர்வோரா என்னும் கேள்வி. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சொல்லிப் பலரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற் கழகத்துக்கு எதிராக லட்சுமி இஞ்சினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தன் ஜீவனத்துக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே என்று உதாரணம் காட்டி விளக்கியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சுயதொழிலால் ஜீவிப்பதற்காக வாங்கிய பொருளை வியாபார நோக்கத்தில் சேர்க்கவில்லை. ஒற்றை லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் உரிமையாளர்கள் எத்தனையோ பேர் வாழும் நம் ஜில்லாக்களில், ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய தீர்ப்பு இது.

இரண்டாவது, நிரூபிக்கும் சுமை. மோதலில் காற்றுப்பை விரியாத ஒரு கிரெட்டா காரைப் பற்றி ஹூண்டாய் நிறுவனம் செய்த மேல்முறையீட்டை, 2022 ஏப்ரல் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வேகத்தையும் விசையையும் கொண்டு மோதலின் பலத்தைக் கணக்கிட, கார் வாங்கியவர் பௌதிக சாஸ்திர நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். காரை மாற்றித் தருமாறு கீழ் ஆணையங்கள் இட்ட உத்தரவும் நிலைத்தது. இத்தீர்ப்போடு சாட்சியச் சட்டத்தின் பழம்பெரும் அனுமானம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் கையிலுள்ள சாட்சியத்தை ஒருவர் வெளியிடாமல் மறைப்பாரானால், வெளியிட்டிருந்தால் அது அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்; பழைய சட்டத்தின் 114ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தின் 119ஆம் பிரிவில் தொடர்கிறது. பதிவு எங்களிடம் இருக்கிறது, ஆனால் தரமாட்டோம் என்று சொல்லும் தரப்புக்கு இதைவிடத் தகுந்த மறுமொழி இல்லை.

மூன்றாவது, படிக்கும் கருவி. உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் அடைத்து வைத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி பதினான்கு கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வுத்தரவு பின்னர் மேல்முறையீடுகளுக்கு உட்பட்டதாயினும், அது எடுத்துரைத்த தத்துவம் மாசற்றது. 2022ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது, மோட்டார் வாகனங்களையும் விவசாய யந்திரங்களையும் அதில் சேர்த்தமையும் இத்தத்துவத்தை ஒட்டியதே. அமெரிக்காவில் பதிவுக் கருவியைப் படிக்கும் சாதனம் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உற்பத்தியாளருக்கே கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. பதிவு வாகன உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டமும் செய்யப்பட்டது. அத்தகைய தெளிவான வாசகம் ஒன்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது என் திடமான கோரிக்கை.

செய்யத்தக்கவை

சட்டம் திருந்தும் வரையில் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. எஞ்சினோ கியர்பெட்டியோ பழுதானால், வண்டியைத் தொடுவதற்கு முன்பே, ஸ்கேனரில் தெரியும் கோளாறு எண்களையும் அவற்றோடு சேர்ந்த நிலவரத்தையும் முழுமையாக அச்செடுத்துத் தருமாறு எழுத்து மூலமாகக் கேளுங்கள். அது கிடைக்கும் வரை கோளாறு எண்களை அழிக்க அனுமதிக்காதீர்கள். விபத்துக்குள்ளான காரை மறுபடி ஓட்டினால், பூட்டப்படாத பதிவு அழிந்துபோகலாம் என்பதை முன்னரே சொன்னேன். கழற்றிய பாகங்களைப் படமெடுத்து, கிளைம் முடியும் வரையில் பத்திரப்படுத்தக் கோருங்கள். ஆயில் மாற்றிய பில்லையும் யூரியா வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். பெட்டி சொல்லாத காரணத்தைச் சொல்லப்போவது அக்காகிதங்களே. நுகர்வோர் ஆணையத்தின் முன் போனால், பொருளைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்புமாறு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யுங்கள். மின்னணுப் பதிவுக்குச் சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின் சான்றிதழ் அவசியம் என்பதையும் மறவாதீர்கள். புகாருக்குக் காலவரையறை இரண்டு ஆண்டு.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பதிவை உங்களுக்கு மறைப்பது அநியாயம் என்றால், ஓட்டுநருடைய பதிவை ஓட்டுநருக்குக் காட்டாமல் அவர் படியில் பிடித்தம் செய்வதும் அநியாயமே. நியூட்ரலில் இறங்கியதாகத் திரை சொல்லுமானால் அவரை அருகில் உட்காரவைத்து, அந்த இரண்டு எண்களையும் காட்டி விளக்குங்கள். தண்டனையால் வராத திருத்தம் அவ்விளக்கத்தால் வரும். தொப்பூர் இறக்கத்தில் உயிர்களும் பிழைக்கும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1966ஆம் ஆண்டு முதல் பொறியாளர்களை உருவாக்கிவரும் சேலம் அரசு பொறியியல் கல்லூரி நமக்கு அண்மையில் கருப்பூரில் இருக்கிறது. அதுபோன்ற கல்விச்சாலை ஒன்றில், எந்த உற்பத்தியாளரையும் சாராத பதிவு வாசிப்பு நிலையம் ஒன்று அமையுமானால், லாரி உரிமையாளர் சங்கங்களும் அதற்குப் பொருளுதவி செய்யுமானால், சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் நுகர்வோர் ஆணையங்கள் நம்பி அனுப்பத்தக்க பரிசோதனைச் சாலை நம் வாசலிலேயே கிடைத்துவிடும். உற்பத்தியாளரின் வாதம் சரியாயின் அந்நிலையம் அதையும் தயங்காமல் சொல்லும். அவ்வாறு சொன்னால்தான் நம் பக்கம் நியாயம் உள்ளபோது அதன் சொல்லுக்கு மதிப்பிருக்கும். பாடி கட்டும் கலையில் நாடெங்கும் பெயர்பெற்ற ஒரு பிரதேசத்துக்கு, வண்டியின் பதிவைப் படிக்கும் கலை கைவராத ஒன்றன்று.

நீங்கள் இங்கிருந்து எழுந்து சென்றபின், முதல் வேலையாக உங்கள் வண்டியின் வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, பதிவைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதியிராவிட்டால், உங்கள் விற்பனையாளருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் பதில் வந்தே தீரும்.